குழியானைக்கு லத்தீனில் பெயர் வைத்த கதை

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். பெயர் ஷாலினி. காட்டாங்குளத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. நான் முப்பத்து மூன்று வருடம் கீப்பராக இருந்த பூச்சி ஆராய்ச்சி நிலையத்தை மூடிவிட்டார்கள். அங்கிருந்த பெட்டிகள் எல்லாம் இப்போது அவர்கள் பொறுப்பில். ஒவ்வொரு பூச்சியையும் அதன் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். சீட்டுகளில் பாதிக்கு மேல் என் கையெழுத்து. சில இடங்களில் புரியவில்லை, உங்களைக் கேட்கலாமா என்றாள். தாராளமாகக் கேள் என்றேன். வாட்ஸ்அப்பில் பதினைந்து படங்கள் வந்தன. பதினான்குக்கு அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். பதினைந்தாவதுக்கு நான்கு நாள் போடவில்லை.

அது புரியாத சீட்டு அல்ல. என் ஆயுளிலேயே மிக அழகாக நான் எழுதிய சீட்டு அதுதான். படத்துக்குக் கீழே அவள் கேட்டிருந்தது வேறு: "சார், ரைட்டிங் கிளியரா இருக்கு. ஆனா இந்த இடத்துல அதுக்கப்புறம் யாருக்குமே இது கிடைக்கலையே. இடம் கரெக்ட்தானா?"

எனக்குப் பொறாமை அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்குக் கொதிப்பு, எனக்கு இது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஆனால் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பொறாமையால் வேலையில் கை வைத்தேன். அந்த ஒரு தடவையைத்தான் இந்தப் பெண் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

எங்கள் நிலையம் ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், பார்த்தால் வீடு மாதிரிதான் இருக்கும். பயிரில் விழுந்த பூச்சியைக் கொண்டுவந்து கொடுத்தால் இது இன்னது என்று சொல்லி அனுப்புவோம். மற்ற நேரமெல்லாம் சேகரிப்பதும் சேர்த்துவைப்பதும்தான். நான் செம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. முதல் வருடத்தில் கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வண்டு என்றால் வலது இறக்கை ஓட்டில் ஊசி குத்த வேண்டும், பட்டாம்பூச்சி தட்டான் வகையறா என்றால் மார்பின் நடுவில். பெட்டிக்குள் அந்துருண்டை தீர்ந்துபோகக் கூடாது, பீரோவின் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு ஏறி ஒரு வருட வேலையை ஒரே நாளில் தின்றுவிடும். அவ்வளவுதான். மீதி முப்பத்திரண்டு வருடமும் நான் சீட்டு எழுதினேன்.

சீட்டு என்றால் கட்டைவிரல் நகம் அளவு. இந்தியன் இங்க்கில், மெல்லிய நிப்பில் எழுத வேண்டும். முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் தமிழ். அது எங்கள் டைரக்டர் அம்மாவின் ஏற்பாடு. அம்மா உயரத்தில் என் தோளுக்குத்தான் வருவார், ஆனால் அவர் நடந்து வரும் சத்தம் கேட்டால் உட்கார்ந்திருக்கிற நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். ஒரு பூச்சியைக் கொடுத்தால் முதலில் பூச்சியைப் பார்க்க மாட்டார். பித்தளைப் பிடி போட்ட லென்ஸ் ஒன்று வைத்திருந்தார். அதைக் கண்ணருகே கொண்டுபோய்ச் சீட்டைத்தான் படிப்பார். எந்த இடம், என்ன தேதி, எந்தச் செடி அல்லது எந்த மண். எல்லாம் இருந்தால்தான் பார்வை பூச்சியின் பக்கம் போகும். ஏதாவது குறைந்திருந்தால் திட்ட மாட்டார். சீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் புள்ளிக்குப் பதில் இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம். "பூச்சி பொய் சொல்லாது பலராமன். சீட்டுதான் சொல்லும்" என்பார்.

எங்கள் சீட்டில் பூச்சியைப் பிடித்தவன் பெயர் இருக்காது. வேறு இடங்களில் போடுவார்கள், எங்களிடம் கிடையாது. யார் பிடித்தால் என்ன, எங்கே பிடித்தது என்பதுதான் கேள்வி என்பது அம்மாவின் கட்சி. இரண்டு பேருக்குத்தான் பெயர் போட உரிமை. இன்ன பூச்சி என்று தீர்மானித்துப் பெயர் வைத்தவர் ஒருவர், எழுதியதைத் திருத்தியவர் இன்னொருவர். தப்பாகிப்போனால் யாரைக் கேட்பது என்பதற்காக அந்த ஏற்பாடு. திருத்தும்போது பழைய சீட்டைக் கழற்றக் கூடாது, கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அதே ஊசியில் பழைய சீட்டுக்குக் கீழே புதுச் சீட்டைக் குத்தி, திருத்தியவர் பெயர் போட வேண்டும். தப்பும் சரியும் ஒன்றின் கீழ் ஒன்றாக அந்தப் பூச்சி இருக்கும்வரை இருக்கும்.

ஆக ஒரு கீப்பரின் பெயர் வெளியே தெரிய வேண்டுமென்றால் ஒரே வழிதான். அவன் ஒரு புதுப் பூச்சியைக் கண்டெடுத்து, யாராவது மனது வைத்து அவன் பெயரை அதற்கு வைக்க வேண்டும். அம்மா இளவயதில் வேலை பார்த்த இடத்தில் ஒரு கீப்பர் பெயரை ஏதோ ஈக்கு வைத்தார்களாம். டீ குடிக்கும்போது ஒருமுறை சொன்னார். அதை அவர் புகழ்ந்து சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்றுகூட நான் கவனிக்கவில்லை. எனக்கும் ஒருநாள் வரும் என்று மட்டும் மனதில் முடிந்துகொண்டேன்.

நான் சேர்ந்து எட்டு வருடம் கழித்து மரியதாஸ் வந்தான். அகரம்தென் பக்கத்து ஆள். பாதிரியாராகப் படிக்கப் போய், பாதியில் மனம் மாறி வெளியே வந்து, பிறகு விலங்கியல் படித்தவன். எனக்கு ஒரு படி மேலான வேலைக்கு வந்தான். வந்த முதல் வாரமே பெட்டிகளைத் திறந்துவைத்துக்கொண்டு பெயர்களை வாய்விட்டுப் படித்தான். நான் எட்டு வருடமாகக் கோலத்தைப் பார்த்து வரைகிற மாதிரி எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிய பெயர்கள். அவனுக்கு அவையெல்லாம் பொருளாகத் தெரிந்தன. செமினரியில் படித்த லத்தீன். "அண்ணா, இதுக்கு சாம்பல்காரன்னு அர்த்தம். இது மூணு பல்லு. இந்த வண்டுக்குப் பாருங்க, சோம்பேறின்னு பேரு வெச்சிருக்காங்க" என்றான். பின்னால் நின்றிருந்த அம்மா சிரித்துவிட்டார். எட்டு வருடத்தில் நான் அவரை ஒருமுறைகூடச் சிரிக்க வைத்ததில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. அவன் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அப்படி இல்லை. வாய் நிறைய அண்ணா என்பான், டீ வாங்கினால் எனக்கும் சேர்த்து வாங்குவான், என் கையெழுத்தை மற்றவர்களிடம் புகழ்வான். குறை சொல்ல ஒரு பிடி கிடைக்காமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவன் வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். நாவலூரில் என் மனைவி தனலட்சுமியின் அக்கா மகனுக்குக் காதுகுத்து. ஆபீசில் வயிற்றுவலி என்று அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் இப்போதிருக்கிற கண்ணாடிக் கட்டிடங்கள் எதுவும் இல்லை, நாவலூரில் சவுக்குத் தோப்புதான். சாப்பிட்டுவிட்டுக் காலாற நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தோப்புக்குள் இருந்த ஒரு பழைய பம்புசெட் அறையில் ஒதுங்கினேன். மழை படாத மூலையில், வெள்ளை மணலில், புனல் புனலாகக் குழிகள்.

குழியானை தெரியாத தமிழர் ஒருகாலத்தில் கிடையாது. இப்போது எங்கே பார்த்தாலும் டைல்ஸ் போட்டுவிட்டார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். சிறு மணலில் குழி பறித்து அடியில் பதுங்கியிருக்கும் புழு. எறும்பு சறுக்கி விழுந்தால் தலையால் மண்ணை வாரி அடித்து, கீழே இழுத்துக் கொடுக்கால் பிடித்து உறிஞ்சும். பின்பக்கமாகத்தான் நடக்கும். அதற்கு இன்னொரு விசேஷமும் உண்டு. புழுவாக இருக்கும் காலம் முழுவதும் அது கழிவை வெளியேற்றாது, வழியே கிடையாது. தின்றதன் கசடெல்லாம் மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். மணலை உருட்டி உருண்டையாகக் கூடு கட்டி, அதற்குள் இறக்கை முளைத்து, தட்டான் மாதிரி வெளியே வந்த பிறகுதான் மொத்தத்தையும் இறக்கிவைக்கும்.

ஒன்றைத் தோண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வழக்கமான சாம்பல் முதுகில் நீளவாக்கில் ஒரு செம்மஞ்சள் கோடு. எனக்கு லத்தீன் தெரியாது, ஆனால் என் கண்ணில் ஒருமுறை பட்ட பூச்சி மறக்காது. இது எங்கள் பெட்டிகளில் இல்லாத பூச்சி. காதுகுத்தில் கொடுத்த தாம்பூலப் பையிலிருந்து தேங்காயையும் வெற்றிலையையும் எடுத்துச் சட்டைப் பையிலும் கக்கத்திலும் சொருகிக்கொண்டு, மூன்று குழியானைகளையும் அந்த மணலையும் பைக்குள் வாரிப் போட்டுக்கொண்டேன்.

நிலையத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் அந்த மணலைக் கொட்டி அவற்றை விட்டேன். எந்த டின்னாக இருந்தாலும் அன்றைக்கே இடம் எழுதி ஒட்ட வேண்டும் என்பது சட்டம். வயிற்றுவலிக்காரன் நாவலூரில் என்ன செய்தான் என்று கேட்பார்களே என்று தேதியை மட்டும் எழுதினேன். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். தினமும் எறும்பு பிடித்துப் போட்டேன். மூன்றும் சீடை அளவில் மணல் உருண்டை கட்டின. ஒரு மாதத்தில் மூன்றும் இறக்கையோடு வந்தன. இறக்கையை விரித்துக் காயவைத்து, ஊசியில் குத்தி, அதது கட்டிய மணல் கூட்டையும் ஒரு துண்டு அட்டையில் ஒட்டி அதே ஊசியில் கீழே குத்தினேன். கூட்டைத் தூக்கிப்போடக் கூடாது, அதுவும் பூச்சியின் பாகம்தான் என்பது அம்மா சொல்லிக்கொடுத்த முறை.

அம்மா இரண்டு மாதம் அதைப் பார்த்தார். பழைய நூல்கள், வெளியூரிலிருந்து வந்த படங்கள், எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். ஒருநாள் என்னையும் மரியதாஸையும் கூப்பிட்டு, இது இதுவரை யாரும் எழுதாத பூச்சி என்றார். அன்றைக்குச் சாயங்காலமே தனலட்சுமியிடம், ஒரு பூச்சிக்கு என் பெயரை வைக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். "உங்க பேரு வெச்சா அது யாரையாச்சும் கடிக்கப் போவுது" என்றாள். ஆனால் தெரு முழுக்கச் சொன்னதும் அவள்தான். என் மைத்துனன் என்னைப் பூச்சி மாமா என்று கூப்பிட ஆரம்பித்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அம்மா பெயர் யோசிக்கச் சொன்னது மரியதாஸை. அதுவரைக்கும் நான் கவலைப்படவில்லை. லத்தீன் தெரிந்தவன் அவன், என் பெயரை லத்தீனில் எப்படி வளைப்பது என்று அவன்தானே பார்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நாமெல்லாம் சின்ன வயதில் இதைக் குழியானை என்றுதானே சொல்வோம், ஏன் யானை என்கிறோம் என்று கேட்டான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "யானை மண்ண வாரித் தல மேல போட்டுக்கும்ல, இதுவும் போட்டுக்குது. உருவமும் அப்டிதான் கீது, வயிறு பெருசு, கொம்பு ரெண்டு. இதுல இன்னா கேள்வி?" என்றேன். அவன் அதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டான்.

மறுநாள் அம்மாவின் அறையில் சொன்னான். இந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே வெள்ளைக்காரர்கள் வைத்த பெயருக்கு எறும்புச் சிங்கம் என்று பொருளாம். அதோடு நம்முடைய யானையை லத்தீனாக்கிச் சேர்த்து, எலிஃபாஸ் என்று வைக்கலாம் என்றான். "அவங்க கண்ணுக்குச் சிங்கம், நம்ம கண்ணுக்கு யானை. ரெண்டும் ஒரே பேர்ல இருக்கட்டும்மா."

நல்ல பெயர். அதுதான் எனக்குக் கோபம். மட்டமான பெயராக இருந்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருப்பேன். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. மனுஷங்க பேரெல்லாம் பூச்சிக்கு எதுக்கு, இதுதான் சரி என்றார். அந்த ஈயின் கதையை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கட்டுரையில் பெயர்க்காரணம் என்று ஒரு வரி போட்டார்கள்: இப்பகுதி மக்கள் இதை யானையோடு ஒப்பிடுவது வழக்கம். இப்பகுதி மக்கள் என்பது நான் ஒருவன்தான். மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொள்ளும் என்று சொன்ன மக்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஸ்டூலுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். மனிதன்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன், ஒரு புழுவின்மேல், அதற்கு அதன் பெயரே கிடைத்துவிட்டதே என்று பொறாமைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் மூலப் பூச்சிக்குச் சீட்டு எழுத வேண்டும். ஒரு புதுப் பெயர் எந்தப் பூச்சியை வைத்து எழுதப்படுகிறதோ அதுதான் மூலம். சிவப்புச் சீட்டு போட்டுத் தனிப் பெட்டியில் பூட்டிவைப்போம். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் உலகத்தில் எங்கிருந்தாலும் அதைத்தான் கேட்டு வருவார்கள். அம்மா டின்னைப் பார்த்தார், தேதி மட்டும் இருந்தது. "இடம் எங்க பலராமன்?" என்றார்.

நான் நாவலூர் என்றுதான் சொல்லியிருப்பேன். லீவு பொய் வெளியே வந்தாலும் வரட்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் மரியதாஸ், "சொல்லுங்கண்ணா, ஞாயித்துக்கிழமையே நான் போயி இன்னும் பத்து எடுத்தாந்துர்றேன்" என்றான். பேரையும் எடுத்துக்கொண்டாய், இடத்தையும் எடுத்துக்கொள்ளப் போகிறாயா என்று உள்ளே ஒன்று எழுந்தது. "காட்டாங்குளத்தூர். ஏரிக்கரைப் பக்கம்" என்றேன்.

அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எழுதுங்க என்றார். எழுதினேன். எழுத்து அச்சடித்த மாதிரி வந்தது. அதற்கு மேலே குத்தும் பெயர்ச் சீட்டில், பெயர் வைத்தவர் என்று மரியதாஸின் பெயரையும் நானே எழுதினேன். கட்டுரை வெளிவந்தது. நாவலூருக்கு நான் மட்டும் போய் நிறைய எடுத்துவந்து, என்னாலன்றி இது நடக்காது என்று காட்டலாம் என்பது என் கணக்கு. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால், போவதைவிட மரியதாஸ் தேடுவதைப் பார்ப்பது எனக்கு ருசியாக இருந்தது.

இரண்டு வருடம் அவன் ஞாயிறு தவறாமல் போனான். காட்டாங்குளத்தூர் ஏரிக்கரை, கோயில் மண்டபம், வீட்டு இறவாணம், பஸ் ஷெல்டர், மழை படாத இடம் எதையும் விடவில்லை. திங்கட்கிழமை பேண்ட் முட்டியில் செம்மண் கறையோடு வருவான். கெடச்சுதா என்று நான் அக்கறையாகக் கேட்பேன். சாதாரணக் குழியானைதான் வருதுண்ணா என்பான். நீ நல்லா தேடுபா என்பேன். அன்றைக்கு எனக்கு டீ இனிக்கும்.

ஒருநாள் அவனைப் பிடித்துவிட்டார்கள். அங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டல் சுவரோரம், ஜன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து மண்ணை ஊதிக்கொண்டிருந்திருக்கிறான். வாட்ச்மேன் பார்த்து, சட்டையைப் பிடித்து இழுத்து, நாலு பேர் கூடி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். குழியானை தேடினேன் என்றால் எந்த போலீஸ்காரர் நம்புவார்? அம்மா நேரில் போய்க் கட்டுரையைக் காட்டி, அதில் அச்சிட்டிருந்த ஊர்ப் பெயரைக் காட்டி, அழைத்துவந்தார். என் சீட்டில் இருந்த பொய்தான் அவனை அங்கே அனுப்பியது, அதே பொய்தான் வெளியேயும் கொண்டுவந்தது. மறுநாள் வந்தான். சட்டைக் காலர் கிழிந்த இடத்தைத் தைத்திருந்தான். எனக்கு முதலில் உள்ளே ஒரு குளுமை வந்தது, அதை மறைக்க மாட்டேன். மத்தியானம் அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடியதைப் பார்த்தபோது வயிறு உண்மையாகவே வலித்தது.

அந்த வாரமே நாவலூருக்குப் போனேன். இரண்டு எடுத்துவந்து, ஏரிக்கரையில் கிடைத்தது என்று அவன் மேசையில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். தோப்பு இல்லை. நீலத் தகடு அடைத்து, உள்ளே ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. பம்புசெட் அறை இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் பள்ளம். சுற்றுவட்டாரத்தில் அந்த மாதிரி மணல் மூலைகளைப் பல மாதம் தேடினேன். செம்மஞ்சள் கோடு கண்ணில் படவே இல்லை.

மரியதாஸ் அதோடு தேடுவதை விட்டுவிட்டான். அதன்பிறகு ஒரு சின்ன விஷயம் நடந்துகொண்டே இருந்தது. மூலப் பூச்சியின் பெட்டியைத் திறந்தால், ஊசியில் என் சீட்டு கொஞ்சம் மேலே தள்ளியிருக்கும், அடியில் இடம் காலியாக இருக்கும். மரியதாஸுக்குச் சுத்தம் போதாது என்று முணுமுணுத்துக்கொண்டு கீழே தள்ளி வைப்பேன். அடுத்த தடவை திறந்தால் மறுபடி மேலே இருக்கும். வருடக்கணக்கில் இது நடந்தது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அம்மா ஓய்வுபெற்ற நாளில் விழா வேண்டாம் என்றுவிட்டார். காலையிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, லென்ஸால் பார்த்து, பக்கத்தில் நின்ற என்னிடம், "இதுல எதாவது திருத்தணுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு பெட்டிக்கு ஒரு தடவை. சிலவற்றுக்கு ஆமாம் என்றேன், குறித்துக்கொண்டார். மூலப் பூச்சிகளின் பெட்டி வந்தது. கேட்டார். இல்லம்மா என்றேன். மூடவில்லை. மறுபடியும் கேட்டார். இல்லம்மா என்றேன். மெதுவாக மூடினார். சாயங்காலம் போகும்போது அந்தப் பித்தளை லென்ஸை மரியதாஸ் கையில் கொடுத்தார். இருபது வருடம் சீட்டு எழுதியவன் நான், லென்ஸ் அவனுக்கா என்று அன்றைக்கு நான் பட்ட எரிச்சலுக்கு அளவே இல்லை. அம்மா இப்போது இல்லை. பிறகு நானும் ஓய்வுபெற்றேன், அவனும் ஓய்வுபெற்றான். அவன் மேடவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறான்.

ஷாலினியின் கேள்வி வந்த நான்காம் நாள் அவனுக்குப் போன் போட்டேன். சுகம் விசாரிப்பதெல்லாம் முடிந்தது.

"மரியா, அந்தக் குழியானை காட்டாங்குளத்தூர் இல்லபா. நாவலூரு" என்றேன்.

"நாவலூரா?" என்றான். "நான் கோவளம்னு நெனச்சுகினு இருந்தேண்ணா."

அவனே மேற்கொண்டு சொன்னான். ஹாஸ்டல் விவகாரத்துக்கு அடுத்த வாரம் அம்மா அவனைக் கூப்பிட்டு, அந்தக் கூட்டை மைக்ராஸ்கோப்பில் பார் என்றாராம். கூடு முழுக்க வெள்ளை மணல், நடுவில் ஒரு கிளிஞ்சல் துணுக்கு. செம்மண் பூமியில் ஏது கிளிஞ்சல்? நான் பொய்யை எழுதிவிட்டு, சாட்சியையும் அதே ஊசியில் என் கையாலேயே குத்திவைத்திருந்தேன். அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன்.

"அம்மா வேணாம்னாங்க. மணலு தப்புன்னு மட்டுந்தான் சொல்லும், எந்த ஊருன்னு சொல்லாது. அத அவருதான் சொல்லணும், அவரே சொல்லட்டும்னாங்க. அதான் சீட்ட மேல தள்ளி எடம் வுட்டு வெச்சேன். நீங்கதான் கீழ தள்ளிகினே இருந்தீங்க."

குரலில் கோபம் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எதுக்குண்ணா, நாவலூர்ல எந்தப் பக்கம் என்றான். சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

போனை வைத்த பிறகு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. பெயர் அவனுடையது, லென்ஸ் அவனுடையது, அம்மாவின் சிரிப்பு அவனுடையது. எனக்கென்று இருந்தது அந்தப் பொய் ஒன்றுதான் என்று இருபது வருடத்துக்கு மேல் நெஞ்சில் வைத்துக் காத்துவந்தேன். அதிலும் அவன் பங்கு போட்டிருக்கிறான். என்னைவிட நன்றாகவும் காத்திருக்கிறான்.

மறுநாள் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் காட்டாங்குளத்தூர் போனேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ரோட்டோரம் அதே செம்மண். நான் பொய்யாக எழுதிய ஊருக்கே பூச்சி வந்து சேர்ந்துவிட்டதே என்று சிரிப்பு வந்தது. ஷாலினி குளிரூட்டிய அறைக்குள் அழைத்துப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். செம்மஞ்சள் நிறம் வெளுத்துவிட்டது. கூடு அப்படியே இருந்தது. என் சீட்டு மேலே தள்ளியிருந்தது. நடந்ததை அவளிடம் சொன்னேன். லீவு பொய்யிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல். குழியானை இறக்கை முளைத்ததும் செய்வதைத்தான் செய்தேன், கொஞ்சம் தாமதமாக.

இங்க்கும் நிப்பும் நானே கொண்டுபோயிருந்தேன். பழக்கம் விட்டுப்போன கை. இரண்டு சீட்டு கெட்டுப்போய் மூன்றாவதில் முன்பக்கம் முடித்துவிட்டு, பின்பக்கம் எழுதினேன். இடம் நாவலூர், பம்புசெட் அறை, வெள்ளை மணல். முன் சீட்டு பொய். திருத்தியவர் செ. பலராமன்.

அவள் எட்டிப் படித்துவிட்டுத் தயங்கினாள். "பொய்னு வேணாமே சார். தவறுன்னு போடலாம், அதான் வழக்கம்."

"தவறுன்னா யாரு வேணா பண்ணியிருப்பாங்கம்மா" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, கூட்டை வைத்துக் கண்டுபிடித்தது மரியதாஸ் சார்தானே, திருத்தியவர் என்கிற இடத்தில் அவர் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். சீட்டில் அதற்கு இடமும் இருந்தது.

"வேணாம்" என்றேன். "அவருக்குத்தான் மேல் சீட்டு கீதே. இது என்னுது."

இங்க் காயும்வரை காத்திருந்து, சீட்டை ஊசியில் குத்தி மேலே ஏற்றினேன். அவன் விட்டுவைத்த இடத்தில் அது சரியாகப் போய் நின்றது.